நேர் வெட்டு, கள்ள வெட்டு

"மீன் எடையில என் வாய் பொய் சொல்லும். வயசைக் கேட்டா கண்டிப்பா சொல்லும். ஆனா பூனைக் காது விஷயத்துல இந்தத் தஸ்ரிபா வாயிலேர்ந்து ஒரு பொய் வராது. ஜாவாக் கரை முழுக்க நடந்து தேடினாலும் இப்படி ஒரு வாய் உங்களுக்குக் கிடைக்காது. எழுதி வச்சுக்கங்க!"

முவாரா மீன் சந்தையின் நடுக்கூடத்தில், காலிப் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்று தஸ்ரிபா இப்படி முழங்கினார். அப்போது அவருக்கு ஐம்பது வயது என்று அவர் சொன்னார். ஐம்பத்து நான்கு என்று அடையாள அட்டை சொன்னது. ஆக, அறிவிப்பில் வயதைப் பற்றிய பகுதி அந்த இடத்திலேயே நிரூபணமாகிவிட்டது.

எழுதி வைத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. எங்கள் சந்தையில் காகிதம் என்றால் மீன் பொட்டலம் கட்ட. சந்தைத் தலைவர் டார்மோயோ ஐயா, எங்கள் பேச்சில் 'பாக்' டார்மோயோ, மட்டும் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவர் எதையும் குறித்துக்கொள்வார். கடல் நீர் சந்தைக்குள் புகுந்த வருஷம், நாள், நேரம், முழங்காலுக்கு எவ்வளவு மேலே என்பது வரை குறித்துவைத்தார். தண்ணீர் இறைக்கும் வாளியை மட்டும் தொடவில்லை.

தஸ்ரிபாவை நாங்கள் எல்லோரும் 'யூ' என்றுதான் கூப்பிடுவோம். யூ என்றால் அக்கா. கொள்முதல் வியாபாரிக்கும் அக்கா, போலீஸ்காரருக்கும் அக்கா. கூடத்தின் கடைசியில், சாக்கடையை ஒட்டிய மூலையில், குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கிவரும் மீனைச் செதில் சுரண்டி, ஆய்ந்து கொடுப்பது அவர் தொழில். இருபத்தேழு வருஷம். குடலும் செவுளும் அவர் காலடியில் விழும். விழுந்ததும் காணாமல் போகும். எங்கள் சந்தையில் எந்தச் சுகாதாரத் திட்டமும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அந்த வேலையைச் செய்த அறுபத்துச் சொச்சம் பூனைகளும் சம்பளம் கேட்டதில்லை. பிள்ளை பெற்றன, அவ்வளவுதான்.

பூனைகள் பெருகுவது பற்றி நாங்கள் சும்மா இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களிடம் ஒரு முறை இருந்தது. நோன்பு மாதத்துக்கு முன்னால் சந்தையைச் சுத்தம் செய்வது வழக்கம். பூனைகளைப் பிடித்துச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, படகில் ஏற்றி, ஆற்றின் அக்கரையில் உள்ள சந்தையில் விட்டுவிடுவோம். அக்கரைக்காரர்களும் சுத்தத்தில் எங்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல. அவர்களும் நோன்புக்கு முன்னால் தங்கள் பூனைகளைச் சாக்கில் கட்டி எங்கள் பக்கம் இறக்கிவிடுவார்கள். நடு ஆற்றில் இரு படகுகளும் சந்தித்து, படகோட்டிகள் நலம் விசாரித்துக்கொண்டதும் உண்டு. வெயிலில் சாக்குக்குள் மூச்சு முட்டிப் பாதி பூனை செத்துவிடும். மீதிப் பாதி இறங்கிய இடத்தில் குட்டி போட்டு, அடுத்த நோன்புக்குள் பழைய எண்ணிக்கையைச் சரிசெய்துவிடும்.

இந்தச் சீரான ஏற்பாட்டைக் கெடுக்க மாவட்டத் தலைநகரிலிருந்து டாக்டர் விந்தார்தி வந்தார். கால்நடை மருத்துவர். சின்னப் பெண், பெரிய மூக்குக் கண்ணாடி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாடிக் கூடத்தில் மேஜை போட்டு, சந்தைப் பூனைகளுக்கு இலவசமாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்து தருவதாகச் சொன்னார்.

"பாக், நீங்க ஒரு பூனையைத் தூக்கினா அந்த இடம் காலியாகுது. காலி இடத்துக்கு வேற பூனை வரும், வந்து குட்டி போடும். இருக்கிற பூனைக்கே ஆபரேஷன் பண்ணி இங்கேயே விட்டுட்டா, அது புதுசா எதையும் உள்ள அண்ட விடாது. தானும் குட்டி போடாது" என்றார் டாக்டர்.

"அதாவது, பூனையைக் குறைக்கணும்னா பூனையை வச்சிருக்கணும்" என்றார் டார்மோயோ.

"ஆமா பாக்."

"இதை நான் மேலிடத்துக்கு எப்படி எழுதுறது?"

டாக்டர் அதற்கும் வழி வைத்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போதே பூனையின் இடது காது நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். ஆபரேஷன் ஆன பூனை எது, ஆகாத பூனை எது என்று தூரத்திலிருந்தே தெரியும். டார்மோயோவின் முகம் மலர்ந்தது. முத்திரை உள்ள எதையும் அவரால் நேசிக்க முடியும். காது வெட்டுப்பட்ட பூனை சந்தையில் இருக்கலாம், முழுக்காதுப் பூனை சாக்குக்குப் போகும் என்று அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

பூனைகளைப் பிடித்துக் கொடுக்க, பிடித்த பூனைக்கு எந்தக் காது என்று சாட்சி சொல்ல, நம்பகமான ஆள் வேண்டும் என்றபோதுதான் தஸ்ரிபா அந்தப் பெட்டியின் மேல் ஏறினார்.

பூனை பிடிப்பது பற்றித் தெரியாதவர்களுக்கு: அது வீர விளையாட்டு அல்ல, காத்திருக்கும் வேலை. பொறிக்கூண்டுக்குள் அவித்த காணாங்கெளுத்தி ஒரு துண்டை வைத்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி நிற்க வேண்டும். எங்கள் பூனைகள் மீனுக்குள்ளேயே வாழ்பவை. இலவச மீனைக் கண்டால் அவற்றுக்குச் சந்தேகம் வரும். ஒரு சாம்பல் கிழவனுக்காக மட்டும் தஸ்ரிபா பதினொரு காலை நின்றார். கடைசியில் அது பொரித்த தெம்பே, அதாவது சோயாக் கட்டி, ஒரு துண்டுக்கு விழுந்தது. மீன் சலித்துப்போன பூனை.

பிடிபட்ட பூனை கூண்டுக்குள் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். மேலே ஒரு துணியைப் போட்டு மூடினால் அடங்கிவிடும். அந்தத் துணிக்காக தஸ்ரிபா கடை கடையாக ஏறி இறங்கினார். பழைய சாரம், கிழிந்த சட்டை, எதுவானாலும் சரி. ஒன்றும் கிடைக்கவில்லை. "துணியெல்லாம் தரை துடைக்க வேணும் யூ" என்றோம். இத்தனைக்கும் எங்கள் ஊரில் வண்டியில் பூனையை அடித்துவிட்டால், ஓட்டி வந்தவன் இறங்கி, தான் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி, செத்த பூனையை அதில் சுற்றிப் புதைத்துவிட்டு, வெற்று மார்போடு வீட்டுக்குப் போவான். கல்யாணத்துக்குப் போகிறவன் பட்டிக் சட்டையைக்கூடக் கழற்றியிருக்கிறான். செத்த பூனைக்குப் புதுச் சட்டை. உயிருள்ள பூனைக்குக் கந்தலும் இல்லை. தஸ்ரிபா கடைசியில் தன் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் சமையலறையில் என்ன வேகிறது என்பது தெருவுக்கே தெரிந்தது.

இதற்கிடையில் கொள்கை விவாதங்களும் நடந்தன. ஆபரேஷன் செய்த பூனை எலி பிடிக்காது என்றார் அரிசிக் கடைக்காரர். அவர் பூனை அதற்கு முன்பும் எலி பிடித்ததில்லை. உயிர்களின் பிறப்பைத் தடுப்பது தகுமா என்று பள்ளிவாசலில் மார்க்க அறிஞரான கியாயிடம் போய்க் கேட்டார்கள். அவர் நிதானமாக யோசித்து, "வதைக்காம, பொது நன்மைக்காகன்னா செய்யலாம். தேவையில்லாம செய்யாதீங்க" என்றார். செய்ய விரும்பியவர்கள் முதல் வாக்கியத்தையும், விரும்பாதவர்கள் இரண்டாவது வாக்கியத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். தஸ்ரிபாவின் இடுப்பை உண்மையில் ஒடித்தது வெள்ளிக்கிழமைகள்.

எங்கள் ஊர்க்காரர்கள் இளகிய மனம் படைத்தவர்கள். வீட்டுப் பூனை குட்டி போட்டால் ஆற்றில் வீச மாட்டார்கள். நூடுல்ஸ் அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, குட்டிகளைப் படுக்கவைத்து, மூச்சு விட ஓட்டை போட்டு, வெள்ளிக்கிழமை விடியலில் மீன் சந்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மீன் உள்ள இடம், பிழைத்துக்கொள்ளும் என்ற நல்லெண்ணம். கண் திறக்காத குட்டி கொடுவா மீனை எப்படிக் கடிக்கும் என்று கேட்கிற அளவுக்கு யாரும் கெட்டவர்கள் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை தஸ்ரிபா ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை ஸ்கூட்டரோடு பிடித்துவிட்டார்.

"டீச்சர், பெட்டியில என்ன?"

"நூடுல்ஸ் யூ."

"நூடுல்ஸ் கத்துது."

ஆசிரியை கண் கலங்கினார். "அஞ்சு குட்டி யூ. வீட்டுல இடமில்லை. இங்க நீங்க இருக்கீங்கன்னு ஒரு நம்பிக்கை."

"தாய்ப் பூனையை ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. டாக்டர் இலவசமா பண்ணிக் கொடுப்பாங்க."

"ஐயோ, அது வாயில்லா ஜீவன். அதுக்குப் போய் ஆபரேஷனா! எனக்கு மனசு கேக்காது."

மனசு கேட்காத ஆசிரியை நான்கு மாதம் கழித்து இன்னொரு பெட்டியோடு வந்தார். இந்த முறை, "நல்லாப் பார்த்துக்கங்க" என்று அழகான கையெழுத்தில் சீட்டும் இருந்தது. தஸ்ரிபா சண்டை போடவில்லை. பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மாதம் இரண்டு மூன்று பூனைக்கு ஆபரேஷன் ஆகும். மாதம் பத்துக் குட்டி பெட்டியில் வந்து இறங்கும். அதில் ஒன்றிரண்டு பிழைக்கும். இந்தக் கணக்கை அவர் விரலால் போட்டுப் பார்ப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பாதியில் நிறுத்திவிட்டு மீன் செதிலைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்.

இருந்தாலும் இரண்டு வருஷத்தில் அந்த அதிசயம் நடந்தது. சந்தையில் அறுபத்து மூன்று பூனை. அறுபத்து மூன்றுக்கும் இடது காது குட்டை. டாக்டர் தன் குறிப்பைப் பார்த்துவிட்டு, "நான் செஞ்சது இவ்வளவு இல்லையே" என்று முணுமுணுத்தார். அவருடைய முணுமுணுப்பு மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. ஏனென்றால் டார்மோயோ விழா வைத்துவிட்டார். 'நூறு சதவீதக் காது' என்று துணிப் பதாகை கட்டி, தன் படத்தைப் பெரிதாகவும் ஒரு பூனையின் படத்தைச் சிறிதாகவும் போட்டார்.

பதாகை நிறம் மங்குவதற்குள் சந்தையில் நான்கு இடத்தில் குட்டி பிறந்தது. பெட்டியில் வந்தவை அல்ல. வெட்டுப்பட்ட காதுள்ள தாய்கள், பகலில், பத்துப் பேர் பார்க்கப் பெற்றவை.

தஸ்ரிபா முக்காலியை விட்டு எழுந்தார். கத்தியைக் கழுவி வைத்தார். ஒவ்வொரு பூனையாகப் பிடித்து, காதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று நாள். மூன்றாம் நாள் கருவாட்டு வியாபாரி முக்லிஸின் கடை முன்னால் போய் நின்றார்.

முக்லிஸின் கருவாட்டு மூட்டைகளின் மேல் எந்நேரமும் ஒரு பூனை படுத்திருக்கும். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று மூன்று நிறம். பெயரும் அதுவே, தெலோன். மூவண்ணம் என்று பொருள். இப்படி மூன்று நிறமும் உள்ள பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் பிறக்கும். அது இருக்கும் கடைக்குச் செல்வம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதன் வயிற்றைக் கிழித்தால் செல்வமும் நின்றுவிடும் என்பதை முக்லிஸ் தானே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதன் காதும் குட்டையாக இருந்தது. அதன் வயிறும் பெரிதாக இருந்தது.

"முக்லிஸ், இந்தக் காதை யார் வெட்டினது?"

"டாக்டர்தான் யூ."

"எந்த டாக்டர்? மீன் துடுப்பு வெட்டுற டாக்டரா?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"டாக்டர் வெட்டினா கோடு போட்ட மாதிரி இருக்கும். இது படிக்கட்டு மாதிரி இருக்கு. மரத்துப்போக ஊசி போட்டியா?"

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டினேன்."

"பூனை கண்ணையா?"

"என் கண்ணை."

கூட்டம் சிரித்தது. தஸ்ரிபா சிரிக்கவில்லை. "அதுக்கு வலிச்சிருக்கும்ல" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு, "இது மாதிரி எத்தனை?" என்றார்.

முக்லிஸ் தரையைப் பார்த்தார். தெலோனைச் சாக்கிலிருந்தும் காப்பாற்ற வேண்டும், கத்தியிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். காதை மட்டும் வெட்டினால் இரண்டும் நடக்கும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. செய்தார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்தார், தன் பூனைக்கும் கேட்டார். அவரைப் பார்த்து அரிசிக் கடைக்காரர். கூலி ஒரு காதுக்கு ஒரு கிளாஸ் காப்பி. ஆக மொத்தம் பதினொரு காது. இந்த நாட்டில் முத்திரை ஒன்று இருந்தால் அதற்குப் போலி இல்லாமல் போகுமா? எங்கள் சந்தை அதைக் காதில் கொண்டுவந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

"பதினொண்ணா" என்றார் தஸ்ரிபா. அங்கேயே ஒரு கருவாட்டு மூட்டையின் மேல், தெலோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தெலோன் தலையை அவர் தொடையில் வைத்துக்கொண்டது. அதற்கு அரசியல் தெரியாது.

செய்தி டார்மோயோவின் காதுக்குப் போனது. அவருடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. சந்தைக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். நோன்புக்கு முன்னால் மேலதிகாரி வந்து திறந்துவைப்பார். நூறு சதவீதம் என்று பதாகை வேறு கட்டியாயிற்று. அவர் எல்லோரையும் நடுக்கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"வர்ற மாசம் முதல் வியாழன் நான் கடை கடையா வந்து எண்ணுவேன். குட்டிங்க கணக்குல இல்லை. அறுபத்து மூணு பூனையும் இருக்கணும், அறுபத்து மூணு காதும் சரியா இருக்கணும். ஒரே ஒரு கள்ள வெட்டு கிடைச்சாலும் இந்தத் திட்டம் முடிஞ்சது. டாக்டர் மேஜையை மடிச்சுக்கலாம். மொத்தப் பூனையும் சாக்கு. நல்ல காது, கெட்ட காதுன்னு பிரிச்சுக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லை."

"பாக், நேர் வெட்டா கள்ள வெட்டான்னு யார் பார்த்துச் சொல்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

டார்மோயோ குறிப்பேட்டைப் புரட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தை எடுத்து, நாள், நேரத்தோடு, வயது பற்றிய வரியைக்கூட விடாமல், உரக்கப் படித்தார். "இந்தத் தஸ்ரிபா வாயிலேர்ந்து ஒரு பொய் வராது." மூடினார். "யூ சொல்லுவாங்க. அவங்க சொன்னா நான் ஏத்துக்குவேன்."

ஒரு சந்தைத் தலைவர் ஒரு மீன் ஆயும் பெண்மணிக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. தஸ்ரிபாவின் முகம் மரியாதை கிடைத்தவரின் முகம் மாதிரி இல்லை.

டாக்டர் விந்தார்தி விஷயம் கேட்டு அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் வந்தார். தஸ்ரிபா பொறியோடு விடிவதற்கு முன்பே நின்றார். முன்பு பெற்ற நான்கு தாய்களின் குட்டிகள் அதற்குள் தாமே தின்னத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பத்துப் பூனைக்கு ஆபரேஷன் முடிந்தது. பத்தின் கோணல் காதும் நேராயிற்று. பதினோராவதாகத் தெலோனைக் கொண்டு வந்தபோது, டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"பால் சுரக்குது யூ. எப்ப போட்டுச்சு?"

"அஞ்சு நாள் ஆச்சு. கருவாட்டுக் கடைப் பரண்ல நாலு குட்டி."

"இப்ப முடியாது. குட்டிங்க தானா சாப்பிடணும். இன்னும் ஏழு வாரமாவது விடணும்."

"எண்ணுறதுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"இப்பப் பண்ணினா குட்டிங்க போயிடும். இதுவும் போகலாம்."

"காதை மட்டும் நேராக்கிக் கொடுங்களேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே போலி போட்டா அப்புறம் எந்தக் காதை யார் நம்புவாங்க யூ? நான் டார்மோயோவுக்குக் கடுதாசி எழுதுறேன்."

எழுதினார். ஏழு வாரம் அவகாசம் கேட்டு, மருத்துவக் காரணங்களோடு, ஒன்றரைப் பக்கம். கடிதத்தில் 'பொருள்' என்ற வரி இல்லை என்பதால் அது திருப்பி அனுப்பப்பட்டது. பொருளோடு மறுபடி எழுதினார். பிரதி இணைக்கப்படவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது.

தஸ்ரிபா நேரிலேயே போனார். கையில் மீன் வாசம் போக எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு, வெளுத்த பூப்போட்ட முக்காடு போட்டுக்கொண்டு, அலுவலக நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு பூனை பாக். பால் கொடுக்குது. ஏழு வாரம் கழிச்சு நானே பிடிச்சு டாக்டர்கிட்ட கொடுக்கிறேன்."

"அப்ப காது கள்ள வெட்டு."

"ஆமா."

"சொன்ன சொல் சொல்லுதான் யூ. நான் உங்களுக்காகத் தளர்த்தினா, நாளைக்கு அரிசிக் கடைக்காரர் வருவார். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

"சாக்குல போட்டா பரண்ல இருக்கிற நாலும் ரெண்டு நாள்ல செத்துடும். மத்த அறுபத்து ரெண்டும் என்ன தப்பு பண்ணுச்சு? ரெண்டு வருஷம் பாக். மறுபடி படகு, மறுபடி அக்கரை."

டார்மோயோவுக்கும் மனம் இருந்தது. அது அவர் முகத்தில் வந்து, சிறிது நேரம் நின்று, போயிற்று. "வியாழக்கிழமை வர்றேன். நீங்க எது சொல்றீங்களோ அதுதான். உங்க வாயை நம்பித்தான் நான் இந்த விதியே போட்டேன்" என்றார்.

முக்லிஸுக்கு அந்தப் பதினோரு நாளும் சோறு இறங்கவில்லை. தெலோனைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறேன் என்றார். "மூணு கலர் பூனை" என்றார் தஸ்ரிபா. "சந்தைக்கு வர்றவங்க எல்லாருக்கும் தெரியும். அது இல்லைன்னா தலைவர் முதல்ல அதைத்தான் கேப்பார். அறுபத்து ரெண்டுன்னாலும் சாக்குதான்."

"அப்ப என்னதான் யூ பண்றது?"

"நீ அந்தக் காதை வெட்டாம இருந்திருக்கலாம்."

அதைத் திட்டாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து செதில் சுரண்டிக்கொண்டே சொன்னார். முக்லிஸ் பரணில் இருக்கும் பூனைக்கு வைக்க நெத்திலி ஒரு கை அள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

வியாழக்கிழமை டார்மோயோ காலையிலேயே வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், தோளில் மடித்த சாக்குகள். படித்துறையில் படகும் கட்டியாயிற்று. தஸ்ரிபா முக்காலியிலிருந்து எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

பனிக்கட்டிக் கிடங்கிலிருந்து தொடங்கினார்கள். தஸ்ரிபா குனிவார், பூனையின் தலையை விரல்களுக்கிடையில் பிடிப்பார், காதை வெளிச்சத்தில் திருப்புவார். "நேர் வெட்டு." டார்மோயோ ஒரு கோடு போடுவார். இறால் வரிசையில் ஒன்பது. நேர் வெட்டு. கணவாய் வரிசையில் ஏழு. நேர் வெட்டு. அரிசிக் கடையில் இரண்டு. சாம்பல் கிழவன் தெம்பே கடைக்கு அடியில் இருந்தது. காதைத் தொட்டதும் கடித்தது. "நேர் வெட்டு" என்றார் தஸ்ரிபா, விரலை வாயில் வைத்துக்கொண்டு. நாங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனோம். அன்றைக்கு எடைக் கல்லைக்கூட யாரும் தொடவில்லை.

அறுபத்து இரண்டு கோடு விழுந்தபோது முக்லிஸ் கடை வந்தது.

தெலோன் மூட்டைகளின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பரணிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். முக்லிஸ் தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தராசை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேலே பரணில் ஏதோ ஒன்று மெல்லக் கத்தியது. முக்லிஸ் உடனே இருமினார். அவ்வளவு நீளமான இருமலை நாங்கள் கேட்டதில்லை.

"இது?" என்றார் டார்மோயோ.

தஸ்ரிபா குனிந்தார். காதைத் தூக்கினார். அதன் விளிம்பு மூன்று இடத்தில் உடைந்து, எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, படிக்கட்டாக நின்றது. அவர் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினார். நேராக்கப் பார்க்கிறார் போல இருந்தது. சாக்கு வைத்திருந்தவன் அதைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"நேர் வெட்டு" என்றார்.

டார்மோயோ கோடு போடவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். காதைப் பார்த்தாரா, தஸ்ரிபாவைப் பார்த்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"டாக்டர் வெட்டினதா யூ?"

"ஆமா பாக். டாக்டர் வெட்டினதுதான். நான்தான் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"வயிறு தொங்குதே."

"வயசாயிடுச்சு பாக். எனக்கும் தொங்குது."

யாரும் சிரிக்கவில்லை. டார்மோயோ பேனாவை நாக்கில் தொட்டுக் கோட்டைப் போட்டார். சாக்குக்காரர்கள் படித்துறைப் பக்கம் நடந்தார்கள், படகை அவிழ்க்க. தஸ்ரிபா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, சாக்கடை ஓரத்து மூலைக்குத் திரும்பினார். அங்கே ஒரு அம்மாள் இரண்டு கிலோ காணாங்கெளுத்தியோடு வெகு நேரமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"தலையை வச்சு ஆயணுமா, எடுத்துடவா?" என்று கேட்டார் தஸ்ரிபா.